ஆமை சுமந்து வந்த நாற்றம்

உயிரோடு இருக்கிற ஆமை எதற்காகச் செத்த மீன் மாதிரி நாற வேண்டும்? பசைக்கு இதுதான் புரியவில்லை.

ஆமை உயிரோடுதான் இருந்தது. வேனின் பின்புறம் ஈரச் சாக்கின் மேல் முறம் அகலத்துக்குப் படுத்துக்கொண்டு, வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், சம்பந்தி வீட்டில் மாட்டிக்கொண்டவர் மாதிரி 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. பசை வண்டியை ஓரம் கட்டினான். ஆமையின் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்தான். வாயில் வாடை இல்லை. சாக்கைத் தூக்கிப் பார்த்தான்; அடியில் மீன் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. காயமோ சீழோ இல்லை. முதுகு முழுக்கக் கொட்டலசுகள் ஒட்டியிருந்தன. கப்பலின் அடியிலும் பாறையிலும் சின்னச் சின்ன எரிமலைகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே இனம்தான். அதைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைசியில் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டியபடி ஓட்டினான்.

பசை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. தொலைந்த சைக்கிளைக் கண்டுபிடிக்கச் சொல்லி சர்வேயரம்மாவிடம் வந்தவன், சைக்கிள் கிடைத்த பிறகும் போகவில்லை. ஒட்டிக்கொண்டான். அதனால் வந்த பெயர். சர்வேயரம்மா, அடிபட்ட கப்பல்களைப் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கப்பலை விட்டுவிட்டு மனிதர்களின் பொய்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

இப்போது அவர் கையில் இருந்தது ஒரு டைவரின் கேஸ். தண்ணீருக்கு அடியில் கப்பலின் வயிற்றையும், பாலத்தின் தூண்களையும், மதகின் கதவுகளையும் சுரண்டிச் சுத்தம் செய்கிறவர். கூட ஒரே ஒரு கூட்டாளி. ஐந்து நாட்களுக்கு முன் பெருமழையில் இருவரும் வேலைக்குப் போனார்கள். கூட்டாளி மட்டும் நனைந்த கோழியாகத் திரும்பி வந்தான். அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிப் படகு கவிழ்ந்துவிட்டது, அண்ணனைக் காணவில்லை என்றான். கவிழ்ந்த படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

இன்று காலை மீனவர்களின் வலையில் இந்த ஆமை சிக்கியது. அதன் முன்துடுப்பில் ஆரஞ்சு நிறத் துணிப் பட்டை ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. டைவரின் மனைவி அதைப் பார்த்த உடனே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷனின் கிழிந்த சட்டைக்கு அவளே நீல நூலில் போட்ட தையல் அதில் இருந்தது.

துறைமுக அதிகாரி தன் கணக்கைச் சொல்லிவிட்டார். ஆள் கடலில் மிதந்தபோது கட்டியிருக்கிறார், ஆகவே இன்னும் ஆழ்கடல் பக்கம் போய்த் தேட வேண்டும். ஆனால் அடுத்த புயல் வருகிறது. இருட்டுவதற்குள் தேடப் போன படகுகள் திரும்பிவிடும். நாளை போகாது. அவ்வளவுதான்.

ஆமையை ஆமை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு, சர்வேயரம்மா, டைவரின் மனைவி, கூட்டாளி மூவரையும் அழைத்துவரப் பசை துறைமுகத்துக்குப் போனான். அவர்களோடு திரும்பி வர மத்தியானமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி என்றால் பழைய படகுக் கொட்டகை. உள்ளே வரிசையாகத் தொட்டிகள். நடு மேஜையில் ஈரத் துணியின் மேல் ஆமை. டாக்டர் பின்கட்டில் வேறொரு ஆமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். டைவரின் மனைவி சுவரோரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கூட்டாளி வாசல் நிலையிலேயே நின்றுவிட்டான்.

சர்வேயரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆமையின் முதுகில் குனிந்தார். பென்சில் முனையால் ஒரு கொட்டலசின் உச்சியைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். பத்துப் பன்னிரண்டைத் தொட்ட பிறகு நிமிர்ந்தார்.

“பசை, இது எப்படிப் பிழைக்குதுன்னு தெரியுமா உனக்கு?”

“ஒட்டிக்கிட்டுப் பிழைக்குது மேடம். எனக்குத் தெரியாத பொழப்பா?”

“குஞ்சா இருக்கறப்போ நீந்தும். நல்ல இடம் கிடைச்சா தலையை அதுல ஒட்டிக்கும். உன்னை மாதிரிப் பசை இல்லை, நிஜப் பசை, தண்ணியிலயே காயற பசை. அப்புறம் தன்னைச் சுத்திக் கோட்டை கட்டி, மேலே கதவு வெச்சுக்கும். கதவைத் திறந்து, விசிறி மாதிரிக் காலை வெளியே நீட்டி, தண்ணியில வர்றதை வாரி வாரிச் சாப்பிடும். தலைகீழா நின்னு காலால சாப்பிடற பிராணி.”

“ஆமைகிட்டேர்ந்து எதையும் உறிஞ்சாதா?”

“ஒரு சொட்டுகூடக் கிடையாது. சவாரி மட்டும்தான். நீ என் வீட்டுல சாப்பிடறதையும் சேர்த்தா, உன்னைவிட இது கௌரவம்.”

பசை கொட்டலசை மரியாதையோடு பார்த்தான்.

“தொட்டா கதவைச் சாத்தணும்,” என்றார் சர்வேயரம்மா. “சாத்தலை. எல்லாம் திறந்தபடியே செத்துக் கிடக்கு. ஒண்ணு ரெண்டு செத்தா வயசு. மொத்தமும் செத்தா காரணம் வேற. இதுக்குக் கடல் தண்ணிதான் உயிர். நல்ல தண்ணியில நாள்கணக்குல கிடந்தா சாகும். ஆமைக்கு ஒண்ணும் ஆகாது, அது மூக்கை மேலே நீட்டிக் காத்தை இழுத்துக்கும்.” குரல் உயர்ந்தது. “இந்த ஆமை கடல்லேர்ந்து வரலை. நல்ல தண்ணியிலேர்ந்து வந்திருக்கு. உன் புருஷன் கடல்ல இல்லைம்மா.”

டைவரின் மனைவி எழுந்து நின்றாள். வாசலில் கூட்டாளி, “கடல்லதான் அண்ணி, நான் பார்த்தேன்,” என்று முனகினான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

சர்வேயரம்மா துறைமுக அதிகாரிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜை மேல் வைத்தார். நல்ல தண்ணீர் கடலில் வந்து சேரும் ஆற்று முகத்துக்கு ஒரு படகையாவது திருப்பச் சொன்னார்.

“சாட்சி யாரும்மா?” என்றார் அதிகாரி.

“கொட்டலசு.”

“என்னது?” என்றது மறுமுனை. அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே டாக்டர் வந்தார்.

“நல்ல தண்ணியா? நான்தானே குளிப்பாட்டினேன். இங்கே எந்த ஆமை வந்தாலும் முதல் வேலை நல்ல தண்ணித் தொட்டி. மேலே ஒட்டியிருக்கறது சாகறதுக்குத்தான்.”

சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்: முதலில் நல்ல தண்ணீர், பிறகு மற்றதெல்லாம். சர்வேயரம்மா அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

“அம்மா,” என்றது போன், “பொழுது சாயற வரைக்கும்தான் என்கிட்ட படகு இருக்கு. ஆமை குளிச்ச கதையை இன்னொரு நாள் கேட்டுக்கறேன்.” வைத்துவிட்டார்.

 சர்வேயரம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைக்க எதுவும் இல்லாமலே துடைத்துக்கொண்டிருந்தார். பசைக்கு அவரை இப்படிப் பார்த்துப் பழக்கமில்லை. எல்லோருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. செய்வதற்குத்தான் எதுவும் இல்லை. வெளியே வானம் அழுக்குத் துணி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

டைவரின் மனைவி மேஜையருகே வந்தாள். ஆமையின் துடுப்பில் இருந்த துணிப் பட்டையைத் தொட்டாள். பிறகு ஒரு கொட்டலசை.

“அது போற இடத்துக்கெல்லாம் இதுவும் போகணும், இல்லையாம்மா?” என்றாள். “இங்கே வேண்டாம்னு பட்டாலும் நடுவுல இறங்க முடியாது.”

“முடியாதும்மா.”

“அவர் தண்ணியில இறங்கற ஒவ்வொரு தடவையும் நான் வீட்டுல இப்படித்தான் உக்காந்திருப்பேன்.”

  துக்கம் வந்தால் பசைக்கு வாய் சும்மா இருக்காது.

“டாக்டர், உங்க குளியலுக்குப் பெரிய கும்பிடு. ஆனா சோப்பு பத்தலை. நான் வேன்ல ஏத்தினப்போ என்ன நாத்தமோ, அதே நாத்தம் இன்னும் அடிக்குது.”

“நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. இந்த வேலையில என் மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு.”

சர்வேயரம்மாவின் கை துடைப்பதை நிறுத்தியது.

“எப்போ நாறிச்சு?”

“வேன்ல மேடம். காலையில. செத்த மீனை வெயில்ல காயப்போட்ட மாதிரி. தலையை வெளியே நீட்டிக்கிட்டே ஓட்டினேன்.”

“இங்கே கொண்டுவர்றதுக்கு முன்னாடியே?”

“பின்னே? இங்கே வந்து இறக்கினப்புறம்தானே குளியல்...” பசை பாதியில் நிறுத்தினான். சொன்னது அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

சர்வேயரம்மா டாக்டரிடம் திரும்பினார். “நான் கேள்வியைப் பாதியில விட்டுட்டேன். இப்போ முழுசாக் கேக்கறேன். நீங்க ஒரு தடவை குளிப்பாட்டினா கொட்டலசு செத்துடுமா?”

“ஒரு தடவையில எங்கே சாகும்? நல்ல தண்ணி பட்டதும் கதவைச் சாத்திக்கும். உள்ளே கொஞ்சம் கடல் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, வெள்ளம் வடியட்டும்னு உக்காந்திருக்கும். பிடிவாதக்காரப் பிராணி. நான் நாள் தவறாம ஊறப்போட்டாத்தான் ஒவ்வொண்ணா விழும்.”

“செத்து, அழுகி, இவன் மூக்கு வரைக்கும் எட்டணும்னா?”

டாக்டர் ஆமையைப் பார்த்தார். தன் செத்த மூக்கை அதன் முதுகருகே கொண்டுபோய் இரண்டு முறை இழுத்தார். “அதுக்கு மேலயும் ஆகும். இங்கே வர்றதுக்கு முன்னாடியே பல நாள் நல்ல தண்ணியில கிடந்திருக்கு.”

“அழுகின சதை இன்னும் உள்ளேயே இருக்கே, அது எப்படி? கதவுதான் திறந்திருக்கே. கடல்ல சின்ன மீன் தின்னாதா?”

“ஒரு ராத்திரி விட்டு வைக்காதுங்க. சுத்தமா நக்கிட்டுப் போயிடும்.” டாக்டர் நிமிர்ந்தார். “அப்படின்னா இது கடலுக்கு வந்து ஒரு நாள்கூட ஆகலை.”

டைவரின் மனைவி சர்வேயரம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். தான் பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை.

“இன்னும் முடியலை,” என்றார் சர்வேயரம்மா. “இங்கே பாருங்க. முதுகுக்கு நடுவுல கொட்டலசெல்லாம் ஒரே கோட்டுல உடைஞ்சிருக்கு. உடைஞ்ச இடத்துல செங்காவியா ஏதோ இருக்கு.”

“படகு இடிச்சிருக்கும்னு நினைச்சேன்,” என்றார் டாக்டர்.

“படகு முதுகுல இடிக்கும். வயித்துல இடிக்குமா? கொஞ்சம் தூக்குங்க.”

டாக்டரும் பசையும் தூக்கினார்கள். ஆமை மறுபடியும் சம்பந்தி வீட்டுப் பெருமூச்சு விட்டது. வயிற்றின் நடுவிலும் அதே கோடு. அதே செங்காவி. சர்வேயரம்மா விரலில் தொட்டுப் பார்த்தார். “துரு.”

பிறகு பசையிடம் கேட்டார். “ஜன்னல் கம்பிக்கு நடுவுல ஒரு சாண் இடம்தான் இருக்கு. பெரிய தாம்பாளத்தை அது வழியா எப்படி வெளியே எடுப்பே?”

“சாய்ச்சு, செங்குத்தாப் பிடிச்சுத் தள்ளுவேன்.”

“அப்போ கம்பி எங்கே உரசும்?”

“தட்டோட முகத்துலயும் முதுகுலயும்.”

“ஆமை தன்னைத்தானே அப்படிச் சாய்ச்சுக்குமா?”

“சாய்க்காது மேடம். அதுக்கு ஒரு ஆள் வேணும்.” பசையின் குரல் இறங்கியது. “உயிரோட ஒரு ஆள்.”

“நேத்து உயிரோட இருந்த ஆள். நல்ல தண்ணிக்கு நடுவுல இருக்கார். துருப்பிடிச்ச கம்பிக்குப் பின்னாடி இருக்கார். கம்பி வழியா ஆமை போகும், அவர் தோள் போகாது.” சர்வேயரம்மா டைவரின் மனைவியின் கையைப் பிடித்தார். “ஆத்து முகமும் இல்லை. அங்கே ஏது கம்பி? யோசிச்சுச் சொல்லும்மா. அன்னைக்கு அவர் வேலைக்குக் கிளம்பினது எப்படி? ஒண்ணு விடாம.”

“எப்பவும் போலத்தாம்மா. மழைக் கோட்டு, சுரண்டற உளி, சாப்பாட்டு டப்பா, செருப்பு...” அவள் நிறுத்தினாள்.

“செருப்பு?”

“படகு வேலைன்னா அவர் செருப்பே போடமாட்டார். வெறுங்காலோடதான் போவார். மதகு வேலைக்கு மட்டும்தான் செருப்பு. கதவை ஏத்தி இறக்கற சக்கரம் இருக்குமில்லையா, அதுல ரெண்டு செருப்பையும் மாட்டிட்டுத்தான் உள்ளே இறங்குவார். செருப்பு தொங்கிச்சுன்னா ஆள் உள்ளே இருக்கார், யாரும் சக்கரத்தைத் தொடக்கூடாது. ஏறி வந்து, போட்டுக்கிட்டப்புறம்தான் கதவை இறக்குவாங்க.” அவள் வாசல் பக்கம் திரும்பினாள். “தம்பி, அன்னையிலேர்ந்து வீட்டுல அவர் செருப்பு இல்லை. நானும் தேடாம விட்டுட்டேன்.”

கூட்டாளி நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தான். ஓடுவான் என்று பசை ஒரு அடி முன்னால் வைத்திருந்தான். தேவைப்படவில்லை. 

“செருப்பு இல்லை அண்ணி,” என்றான். “சக்கரத்துல செருப்பு இல்லை. அதைத்தான் பார்த்தேன். வாய்க்கால் கடைசில இருக்கே, அந்தப் பழைய மழைத்தண்ணி மதகு. கதவு இறங்கற பள்ளத்துல கொட்டலசு ஏறி அடைச்சுக்கிட்டிருந்தது, அண்ணன் உள்ளே போய்ச் சுரண்டிக்கிட்டிருந்தார். காத்துல நிக்கவே முடியலை. நான் கயித்தை எடுக்கப் போயிட்டு வந்து பார்க்கறேன், செருப்பைக் காணோம். அண்ணன் ஏறிப் போயிட்டார்னு நினைச்சேன். கடல் ஏறி வந்துக்கிட்டிருந்தது. கதவை இறக்கிட்டேன்.”

டைவரின் மனைவி அவன் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“இறக்கினப்புறம் கீழே பார்த்தேன். செருப்பு தண்ணியில மிதக்குது. காத்து தள்ளிவிட்டிருக்கு. மறுபடி தூக்கினேன். பாதியில சங்கிலி அறுந்து கதவு விழுந்துடிச்சு. கதவுக்கு அடியில மாட்டிக்கிட்டார்னே நினைச்சேன் அண்ணி. உங்க மூஞ்சியைப் பார்த்து, நான்தான் இறக்கினேன்னு எப்படிச் சொல்றது? படகை நானே கொண்டுபோய்க் கவிழ்த்தேன்.”

“கூப்பிட்டுப் பார்த்தியா?” என்றாள் அவள். அதட்டவில்லை. அழவும் இல்லை.

“கூப்பிட்டேன். மழைச் சத்தம் அண்ணி. எதுவும் கேக்கலை.”

“அப்புறம்? அடுத்த நாள்? மழை விட்டப்புறம்?”

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஐந்து நாட்களாக இவனும்தான் அவளோடு துறைமுக வாசலில் காத்திருந்தான், அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான் என்பது பசைக்கு நினைவு வந்தது. அடிக்கலாம் போலிருந்தது. அடித்தால் மதகு திறந்துவிடுமா என்ன.

சர்வேயரம்மா அவன் முன்னால் குந்தினார். “அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். அந்த அறை எப்படி இருக்கும், அதைச் சொல்லு.”

அவன் சொன்னான். வாய்க்கால் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கல் அறைக்குள் விழும். கடல் பக்கம் இரும்புக் கதவு. கதவை மூடியிருக்கும்போது மழைத்தண்ணீர் உள்ளே நிரம்பினால் வழிந்து போவதற்காக, கூரையை ஒட்டி ஒரு கம்பி போட்ட கலிங்கு. அலை எட்டாத உயரம். அறையின் ஒரு பக்கம், ஆள் ஏறி உட்காரும் அளவுக்குக் கல் திட்டு.

“திட்டுலேர்ந்து கலிங்குக் கம்பிக்குக் கை எட்டுமா?”

“எட்டும்.”

“குழாய் வழியா வாய்க்கால் பக்கம் ஏறி வர முடியுமா?”

“முடியாது. குழாய் முழுக்க வெள்ளம்.”

கதவு திறந்திருந்தபோது கடலோடு உள்ளே வந்த ஆமை, கதவு விழுந்ததும் அவரோடு சேர்ந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. கடல் தண்ணீர் வழிந்து போய், மழைத்தண்ணீர் நிரம்பியிருக்கிறது. முதுகில் சவாரி வந்ததெல்லாம் இறங்க வழியில்லாமல் செத்திருக்கிறது. கத்திக் கத்திப் பார்த்து ஓய்ந்தவர், வெளியே போகக்கூடிய ஒரே உயிரின் துடுப்பில் சட்டையைக் கிழித்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்.

பசை அதற்குள் வேன் சாவியைக் கையில் எடுத்திருந்தான். சர்வேயரம்மா போனை எடுத்தார். இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை அதிகாரி எடுத்தார்.

“மறுபடியும் கொட்டலசா அம்மா?”

“ஆமா. படகையெல்லாம் கடல்லேர்ந்து திருப்புங்க. டைவர் பழைய மழைத்தண்ணி மதகுக்குள்ளே இருக்கார். கதவை இறக்கினவனே இங்கே என் பக்கத்துல உக்காந்திருக்கான். கேட்டுக்குங்க, கதவைத் தொடாதீங்க. சங்கிலி அறுந்திருக்கு. கதவை இழுத்துத் திறந்தா உள்ளே இருக்கற தண்ணி மொத்தமும் அவரையும் அடிச்சுக்கிட்டு வெளியே பாயும். கடல் பக்கமாப் படகைக் கொண்டுபோய் ஏணி வெச்சு, மேலே இருக்கற கலிங்குல ரெண்டு கம்பியை அறுங்க. ஒரு ஆள் வர்ற அளவு போதும். உள்ளே வலது பக்கமோ இடது பக்கமோ திட்டு மேல இருப்பார். பசிச்சிருக்கும், தாகமா இருக்காது. கொட்டலசைக் கொன்ன தண்ணியைத்தான் இத்தனை நாளா அவர் குடிச்சுக்கிட்டு இருக்கார்.”